தழும்பு இருந்தும் படுத்தவர்கள்

வடக்கு வாசல் – 23

1819 ஜனவரி 12ஆம் தேதி வெளிவந்த ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் இருந்தது. கையெழுத்து ‘கல்வி விரும்பன்’. பெரியம்மை வராமல் இருக்க மாட்டம்மைப் பாலைக் கையில் குத்திக்கொள்ளும் வித்தை இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர் கண்டுபிடித்தது அல்ல, தன்வந்திரி அருளிய ‘சாக்தேய கிரந்தம்’ என்ற நூலில் அது முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்பது கடிதத்தின் சாரம். பசுவின் மடியில் உள்ள கொப்புளத்திலிருந்து நீரை எடுப்பது, கத்தி முனையில் தொடுவது, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறுவது என்று செய்முறையும் இருந்தது. செய்தி கடல் கடந்தது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட மருத்துவ நூல்களில்கூட ஏறிவிட்டது.

அப்படி ஒரு கிரந்தம் கிடையாது. அந்த விவரிப்பு அச்சு அசல் ஜென்னர் காலத்துச் செய்முறை என்பதை 1987இல் டொமினிக் வுஜாஸ்டிக் என்ற சமஸ்கிருத அறிஞர் விரிவாக எடுத்துக் காட்டினார்.

அப்போது சென்னையின் கலெக்டராக இருந்தவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊரெங்கும் கிணறு வெட்டியவர் என்று தமிழர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கும் மனிதர். அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் அஞ்சினார்கள். நோய் அம்மன் வருகை, அதைத் தடுப்பது தெய்வக் குற்றம் என்ற எண்ணம் ஊறிப்போன காலம். எல்லிஸ் ஒரு கதை எழுதினார். சக்தியே தன்வந்திரியிடம் பேசுகிறாள். பசு தரும் நன்மைகளோடு இந்த அம்மைப்பாலையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள். கல்வி விரும்பன் கடிதத்துக்கும் இந்தக் கதைக்கும் உள்ள ஒற்றுமை கண்ணை உறுத்தும்.

குழந்தைகள் சாகக்கூடாது என்பதுதான் எல்லிஸின் நோக்கம், அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் உண்மையான ஒரு மருந்தை விற்கப் பொய்யான ஒரு பழமையைப் பக்கத்தில் வைத்தால், பொய் வெளுக்கிற அன்று மருந்தின் மீதும் சந்தேகம் விழும். சென்னையின் பெரியம்மை வரலாறு இந்தச் சிக்கலோடுதான் தொடங்குகிறது. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே நோயை அதே நகரத்தில் வேறு வழியில் அணுகியவரைப் பற்றியது இந்த வாரத்து அத்தியாயம். அவர் கதை எழுதவில்லை. எண்ணினார்.

வடசென்னையின் எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தெற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் தண்டையார்பேட்டை. அங்கே இருக்கிறது மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை. அறுபதுகளில் எர்ணாவூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அது வந்தது 2011இல்தான். அதனால் அன்றைக்கு மாநகராட்சி அம்மை குத்துகிறவரின் நோட்டில் எர்ணாவூர் வீடுகள் இருக்காது. ஆனால் எர்ணாவூர்க்காரர்களின் பிழைப்பு எல்லைக்கு இரு பக்கமும் இருந்தது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு, பக்கத்தில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1955க்குப் பிறகு திருவொற்றியூரில் என்பீல்டு, தெற்கே ராயபுரமும் காசிமேடும் துறைமுகமும். ஷிப்டு முடிந்து ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துத் திரும்புகிறவர்கள், நெருக்கமான குடிசைகள், புதிதாக வேலை தேடி வந்து சேரும் குடும்பங்கள். பெரியம்மை விரும்பும் ஊர் இப்படித்தான் இருக்கும்.

தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி என்றாலே பயம். வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகி, ஆளை உள்ளே படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரை வெளியே மூச்சு விடாமல் இருப்பார்கள். சட்டம் வேறு மாதிரி சொன்னது. 1939இல், ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அந்த வகையில் முதல் முழுமையான சட்டம். தொற்றுநோயைத் தெரிவிக்கவேண்டும், நோயாளியை மருத்துவமனைக்கு அப்புறப்படுத்த அதிகாரம் உண்டு என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன.

அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ். உலகில் பெரியம்மையை நேரில் பார்த்து எழுதிய மருத்துவர்களில் அவருக்கு நிகரானவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர் கையில் இருந்த கருவிகள் படுக்கை, பதிவேடு, வெளியே அனுப்பிப் பார்க்கக் கூடிய சில ஆய்வக வசதிகள், அவ்வளவுதான். 6,942 நோயாளிகளின் விவரத்தை அவரும் அவருடைய சகாக்களும் ஒருவர் விடாமல் தொகுத்தார்கள். வயது என்ன, கையில் அம்மை குத்திய தழும்பு உண்டா, கொப்புளம் எந்த வகை, பிழைத்தாரா, இறந்தாரா.

அந்தத் தொகுப்பில் ஒரு சங்கடமான எண் இருக்கிறது. 6,942 பேரில் 3,398 பேருக்குக் கையில் தழும்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தவர்களில் கிட்டத்தட்ட சரிபாதிப் பேர் எப்போதோ அம்மை குத்திக்கொண்டவர்கள்!

இதை மேடையில் ஏறிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘குத்தினவனுக்கும் வருது, குத்தாதவனுக்கும் வருது, அப்புறம் எதுக்கு ஊசி?’ என்று எந்த வார்டிலும் எவரும் கேட்கலாம். மாநகராட்சி நடத்தும் மருத்துவமனை, மாநகராட்சி நடத்தும் தடுப்பூசி வேலை, இரண்டுக்கும் மேலே தேர்தலில் ஜெயித்து வந்த மன்றம். 1959 தேர்தலில் தி.மு.க. முதன்முறையாகச் சென்னை மாநகராட்சியைப் பிடித்து, அ.பொ. அரசு மேயரான பிறகு ரிப்பன் மாளிகையில் விவாதங்களுக்குச் சூடு கூடியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அதிகாரி செய்யக்கூடிய வசதியான காரியம், அந்த எண்ணை அலமாரியில் வைத்துப் பூட்டுவது. ராவ் அதை அச்சில் ஏற்றினார். ஏற்றியதோடு நிற்காமல், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தேடிக்கொண்டு வீடுகளுக்குப் போனார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்கள் கணக்கில் விழமாட்டார்கள். நகரத்தில் தழும்பு உள்ளவர்கள் மிகப் பெரும்பான்மை. அவர்களில் சிறு பங்கினருக்கு நோய் வந்தாலே ஆஸ்பத்திரியின் பாதிப் படுக்கை நிரம்பிவிடும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ் நோயாளியோடு இருந்தவர்களில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதுதான். பெரியம்மை கண்ட 254 குடும்பங்களை ராவ் குழு பின்தொடர்ந்தது. முடிவுகள் 1968இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் வந்தன. அம்மை குத்தாதவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேருக்கு நோய் தொற்றியது. குத்தியவர்களில் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டியது.

சாவுக் கணக்கும் அதே பக்கம்தான் நின்றது. ஆஸ்பத்திரியில் தழும்பு இல்லாதவர்களில் 35.5 சதவீதம் பேர் இறந்தார்கள், தழும்பு உள்ளவர்களில் 6.3 சதவீதம். அந்தத் தழும்புகளில் பெரும்பாலானவை சிறுவயதில் குத்தியவை, மறுபடி குத்திக்கொள்ளாமல் விட்டவை.

இன்னொன்றும் அந்த வீட்டுக் கணக்கிலிருந்து தெரிந்தது. காற்றில் பறந்து ஊரையே பிடிக்கும் என்று நம்பப்பட்ட நோய், உண்மையில் நிதானமாக நகர்ந்தது. தடுப்பூசியே போடாமல் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பேர் தப்பித்தார்கள். அப்படியானால் ஊர் முழுவதற்கும் குத்திக்கொண்டே போவதைவிட, நோயாளி எங்கே என்று கண்டுபிடித்து அந்த வீட்டையும் அண்டை வீடுகளையும் வளைத்துக்கொள்வது மேல். உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்பு இயக்கம் பிற்பாடு கைக்கொண்டதும் இந்த வழிதான்.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு முன்கதை உண்டு. லெஸ்டர் நகரத்தில் கட்டாயத் தடுப்பூசிக்கு எதிராக 1885இல் மாபெரும் ஊர்வலம் நடந்தது. உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மறுத்தவர்கள்மீது வழக்குப் போடுவதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக நோயாளியை உடனே அறிவிப்பது, தனிமைப்படுத்துவது, கூட இருந்தவர்களைக் கண்காணிப்பது என்று ஒரு முறை அங்கே வளர்ந்தது. பிறகு அந்நகரத்தின் சுகாதார அதிகாரியாக வந்த கில்லிக் மில்லார்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாகக் குத்தவேண்டியதில்லை, ஆனால் நோயாளியோடு பழகியவர்களுக்குக் கண்டிப்பாகக் குத்தவேண்டும் என்றார். தடுப்பூசி ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் ஒரே நேரத்தில் கசந்த மனிதர் அவர். லெஸ்டரில் மன்றத்தின் பிடிவாதத்தால் பிறந்த முறைக்கு, தண்டையார்பேட்டையில் கணக்கு துணைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு என்றதும் நாட்டின் மற்றக் கணக்குகளையும் பார்த்துவிடவேண்டும். 1962இல் இந்திய அரசு தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1966 வாக்கில் முதல் குத்தும் மறு குத்துமாக ஏறக்குறைய 50 கோடி தடுப்பூசிகள் போடப்பட்டதாக ஏடுகள் சொல்லின. அன்றைய இந்திய ஜனத்தொகையே அவ்வளவுதான். அப்படியும் நோய் நிற்கவில்லை. எளிதில் அகப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தி இலக்கை நிரப்பியதும், வேலைக்குப் போகிற ஆண்கள், நடைபாதைவாசிகள், புதிதாக வந்தவர்கள் விடுபட்டதும் பிற்பாடு ஆய்வுகளில் வெளிப்பட்டன. பொய் ஏடு எழுதுவது சுகாதாரத் துறைக்கு மட்டுமே உரிய கலையும் அல்ல. வேலைக்கே வராத கூலிகளின் பெயரில் சம்பளம் எழுதிய மஸ்டர் ரோல் ஊழலை ஒட்டி 1973இல் சென்னை மாநகராட்சி மன்றமே கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தலை நகரம் பார்த்தது 1996இல். அதே மாநகராட்சியின் சம்பளப் பட்டியலில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ராவின் பதிவேட்டில் ஆளை உறையவைக்கும் பக்கங்களும் உண்டு. நாம் படங்களில் பார்க்கும் முத்து முத்தான கொப்புளம் ‘சாதாரண வகை’. சிலருக்குக் கொப்புளம் எழும்பவே எழும்பாது. தோலோடு தோலாக, தொட்டால் மிருதுவாகப் படிந்து கிடக்கும். இது ‘தட்டை வகை’. இன்னும் சிலருக்குக் கொப்புளம் தெரியும் முன்பே தோலுக்கடியிலும் கண்ணிலும் வாயிலும் இரத்தம் கசியும். இது ‘இரத்தக்கசிவு வகை’. கடைசி இரண்டிலும் பிழைத்தவர்கள் மிக அரிது. தடுப்பூசியால் மட்டுப்பட்டு வருவது நான்காவது வகை. ராவ் வகுத்த இந்தப் பாகுபாட்டைத்தான் 1972இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவருடைய ‘ஸ்மால்பாக்ஸ்’ நூலும் அதே ஆண்டு பம்பாயில் வெளிவந்தது.

இரத்தக்கசிவு வகை கர்ப்பிணிகளை அதிகமாகத் தாக்குவதை அவர் குழு 1963லேயே எழுதியிருந்தது. ஏன் அவர்களை மட்டும்? கர்ப்ப காலத்தில் உடம்பில் கார்டிசோன் வகைச் சுரப்புகள் கூடுவதால் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, குரங்குகளுக்குக் கார்டிசோன் கொடுத்துப் பெரியம்மை வைரசைச் செலுத்திப் பார்த்தார்கள். நோய் முற்றியது. வார்டில் எழுந்த கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேடும் இந்தப் பழக்கம்தான் அவரை வெறும் ஆஸ்பத்திரி நிர்வாகியாக இல்லாமல் வைரஸ் ஆராய்ச்சியாளராக ஆக்கியது.

தண்டையார்பேட்டையின் பெயர் கேட்டு வெளிநாட்டார் வந்தார்கள். லிவர்பூல் பேராசிரியர் ஆலன் டௌனி ஒருவர். இன்னொருவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹென்றி கெம்ப். ஜெர்மனியின் பிரெஸ்லாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதச் சிறுவன் பின்னாளில் குழந்தை மருத்துவராகிறார். குழந்தைகள் வீட்டிலேயே அடித்து நொறுக்கப்படுவதை 1962இல் மருத்துவ உலகின் முன்வைத்து அமெரிக்கச் சட்டங்களையே மாற்றவைத்த கட்டுரையின் ஆசிரியரும் இவர்தான். மருத்துவமனையின் டாக்டர் எல். செயின்ட் வின்சென்டும் ராவும் இவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். வார்டுக் காற்றை உறிஞ்சி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தபோது முதல் முயற்சியில் ஏறக்குறைய ஒன்றும் அகப்படவில்லை. படுக்கை விரிப்புகளில் அகப்பட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை நோயாளியோடு பழகியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தடுப்பூசியோடு அதையும் பெற்ற 326 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது. தடுப்பூசி மட்டும் பெற்ற 379 பேரில் 21 பேருக்கு வந்தது.

பிறகு வந்தது மார்போரான்.

லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தின் டி.ஜே. பாயர் எலிகளில் சோதித்துத் தேறிய மாத்திரை அது. வைரசைக் கொல்ல மருந்தே இல்லை என்று உலகம் நம்பியிருந்த காலம். சென்னையில் நோயாளிகளோடு பழகிய 1,101 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். மூன்றே பேருக்கு நோய், அதுவும் லேசாக. மருந்து தரப்படாத 1,126 பேரில் 78 பேருக்கு நோய், 12 சாவு. 1963இல் ‘லான்செட்’ இதழில் பாயர், செயின்ட் வின்சென்ட், கெம்ப், டௌனி பெயர்களோடு இது வெளிவந்தபோது உலகமெங்கும் ஆரவாரம். வைரஸ் நோய் ஒன்றை மனிதருக்கு வராமல் மாத்திரையால் தடுத்ததாக வந்த முதல் பெரிய சான்று வடசென்னையிலிருந்து போயிருந்தது.

அந்தக் கட்டுரையில் ராவின் பெயர் இல்லை. அடுத்து நடந்தவற்றில் இருந்தது. மே அண்டு பேக்கர் நிறுவனத்தின் இதே இனத்து மருந்து ஒன்றை அவர் குழு எடுத்துக்கொண்டு, நோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் தனித்தனியே பார்த்தது. 1966இல் ‘லான்செட்’டில் இரண்டு கட்டுரைகள். பிறகு மார்போரானையே மறுபடி எடுத்தார்கள், 1969இல் முடிவுகள் வந்தன. நோய் வந்து படுத்தவர்களை இந்த மருந்துகள் காப்பாற்றவில்லை. 1963இன் பளபளப்பு மீளவில்லை. பாகிஸ்தானில் ஹைனர் என்பவரின் குழு, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது கொடுத்தவருக்கும் தெரியாமல் பெற்றவருக்கும் தெரியாமல் சோதித்து 1971இல் வெளியிட்ட முடிவிலும் மார்போரான் சொல்லிக்கொள்ளும்படி தடுக்கவில்லை. போதாததற்கு, அது கடுமையாக வாந்தி எடுக்கவைத்தது.

முதல் சோதனையில் யாரும் பொய் சொன்னதாகச் சொல்வதற்கில்லை. மருந்து பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று வெளிப்படையாகத் தெரியும்போது, யார் எந்தக் குழுவில் சேர்கிறார்கள், எந்தக் கொப்புளம் பெரியம்மையாக எண்ணப்படுகிறது என்பதிலெல்லாம் ஆசை நுழைந்துவிடும். வைரஸ் மருந்தின் வரலாற்றில் தன் ஆஸ்பத்திரி பெற்ற பொன்னெழுத்துப் பக்கத்தைத் தானே மறுபரிசீலனை செய்வது எளிதல்ல. சென்னையின் பெருமையாகச் சொல்லிக்கொள்ள 1963 போதும். எனக்கு 1969தான் பெரிதாகத் தெரிகிறது.

இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டுபிடிக்கப்பட்டார். அதன்பிறகு ராவின் நூல் பழம் புத்தகமாகியிருக்கவேண்டும். ஆகவில்லை. 2001க்குப் பிறகு, வைரசை யாராவது ஆயுதமாக்கினால் என்ன செய்வது என்று அமெரிக்கா நடுங்கத் தொடங்கியபோது, நோயை நேரில் பார்த்த மருத்துவர்கள் அங்கே அருகிப்போயிருந்தார்கள். எத்தனை பேர் இறப்பார்கள், எந்த வகை எத்தனை சதவீதம் என்ற கேள்விகளுக்குத் தண்டையார்பேட்டை அட்டவணைகளைத்தான் புரட்டவேண்டியிருந்தது. 2018இல் அமெரிக்கா டெகோவிரிமாட் என்ற மருந்துக்குப் பெரியம்மைக்கென்றே அனுமதி தந்தது. பெரியம்மை நோயாளி உலகில் ஒருவர்கூட இல்லாததால், குரங்குகளிலும் முயல்களிலும் கண்ட பலனைக் கொண்டு தரப்பட்ட அனுமதி அது.

அந்த மருந்து மனித நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது பெரியம்மையின் ஒன்றுவிட்ட உறவான குரங்கம்மையில். காங்கோ நாட்டில் 597 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டு நடந்த சோதனையின் முடிவு 2024 ஆகஸ்டில் வெளியானது. புண் ஆறும் வேகத்தில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் அந்நாட்டில் அந்நோயால் இறப்போர் 3.6 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க, சோதனைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 1.7 சதவீதம்தான், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

(தொடரும்)